அபராத நோட்டு

மேட்டூர் திறந்து இருபத்திரண்டாம் நாள்
பனையடி வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது.
முதலில் நுரை, பிறகு ஒற்றைச் செருப்பு,
அப்புறம்தான் தண்ணீர்.

எங்களுக்கு எழுதிவைத்த சட்டம் கிடையாது.
இந்த நோட்டில் இருப்பது
மீறியவர்களின் பெயர் மட்டும்.
அதை வைத்துச் சட்டத்தைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

‘ஆவணி 9. சாம்பசிவம். முறை முடிந்தும் மடை அடைக்கவில்லை. பத்தடி தூர்.’
‘ஆவணி 30. தாய் விரால் குஞ்சோடு போகையில் வலை வீசியது. வலை பறிமுதல். பையன் அழுதான்.’
‘புரட்டாசி 2. கரை நாணலை வேரோடு பிடுங்கியது. நட்டுத் தர வேண்டும்.
பெயர் வேண்டாம் என்றார்கள்.’

பணமாக வாங்குவதில்லை.
பணமென்றால் இருப்பவன்
தினமும் கட்டிவிட்டுத் திருடுவான்.
மண்வெட்டி எல்லார் கைக்கும் ஒரே கனம்
என்று எழுத வந்தேன்.
பெரிய வீட்டார் கூலிக்கு ஆள்விட்டு வாரினார்கள்.
அதையும் குறித்திருக்கிறேன்: ‘ஆள் மூலம்.’

நீர்க்கட்டி மாரிக்கண்ணுக்கு ஒரு குழி நிலமில்லை.
அதனால்தான் மடை அவர் கையில்.
வயல் உள்ளவன் கண் வயலுக்குத்தானே போகும்.
மாவுக்கு ஒரு மரக்கால் நெல்.
கூட்டத்தில் இன்னமும் நின்றுகொண்டுதான் பேசுகிறார்.
நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

நேற்று ராத்திரி இரண்டேகால்.
வாசலில் வந்து டார்ச்சை அணைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கொடியில் என் வீட்டுக்காரரின் கைலி
முழங்கால்வரை சேறு சொட்டிக்கொண்டிருந்தது.
அவர் கைலியைப் பார்த்தார்,
நான் அவரை.

தண்ணீர் குறைந்த வருஷம்
முறை கடைசி வயலில் தொடங்கும்.
எங்களுக்கும் கீழே ஒரே வயல்,
ரெஜினாமேரியின் ஆறு மா.
நாற்றங்கால் வெடித்து
சுண்டுவிரல் போகும்.

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை.
ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் நீட்டுவேன்.
அதுவும் ஒரு சட்டம்தான், அதையும் யாரும் எழுதவில்லை.
எழுதக்கூடாதென்று சொன்னதுமில்லை.

பேனா ஓடவில்லை. உதறினேன்.

‘ஆனி 21. திருநாவுக்கரசு.
ரெஜினாமேரி முறையில் அரை மணி நேரம். இருபதடி தூர்.’

இனிஷியல் போட வேண்டுமா என்று யோசித்தேன்.
இந்தக் கரையில் அந்தப் பெயர் ஒருவருக்குத்தான்.

விடிந்ததும் இரண்டு மண்வெட்டி எடுத்தார்.
என்னைப் பார்த்தார்.
ஒன்றை வாங்கி உள்ளே வைத்தேன்.
‘ஆள் மூலம்’ என்று
இன்னொரு தரம் எழுத முடியாது.