மூன்றாம் காலாண்டு அறிக்கை

அன்புள்ள ஊழியக் குழுவினருக்கு,
படிவத்தின் நான்காம் கட்டத்தில்
எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.
பேன் சீப்பை ஏற்றுக்கொண்டவர்கள் பதினேழு பேர்.
அதில் ஒருத்தி சீவி முடிப்பதற்குள்
என் மடியிலேயே தூங்கிப்போனாள்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இங்கே சொரோக்காவில் செப்டம்பர் கடைசியிலேயே
சுவருக்குள் குழாய்கள் முனகத் தொடங்கிவிட்டன.
முற்றத்து வால்நட் மரங்களை உலுக்கி
பச்சைத் தோலை உரித்து உரித்து
எல்லார் விரலும் கறுத்துக் கிடக்கிறது.
சோப்புக்குப் போகாத கறை.
ஞாயிறு காலை திருவிருந்தில்
கறுத்த விரல்களில்தான் அப்பத்தை வைத்தேன்.
என் விரல்களும் கறுப்புத்தான்.

நான் வந்திறங்கிய அன்று ஒருவரும் பெயர் கேட்கவில்லை.
"எப்போது போவீர்கள்?" என்றான் கெனாடியே.
பதினேழு வயது. குரலில் கோபமே இல்லை,
பேருந்து நேரம் விசாரிப்பவனைப் போல.
கோடைதோறும் ஒரே நிறச் சட்டையில் வருகிறவர்கள்
பலூன் ஊதுவார்கள், படம் எடுப்பார்கள்,
கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வேன் ஏறுவார்கள்.
பிள்ளைகளுக்கு ஒரே பாட்டு நான்கு மொழிகளில் தெரியும்,
கையசைவுகளோடு.
நான் பெட்டியில் கொண்டுவந்தது ஐந்தாவது மொழி.

கர்த்தருடைய ஜெபத்தில் முதல் வரியையே
தாண்ட விடவில்லை ஸ்னெஜானா.
"அந்தப் பிதா அவ்வளவு தூரத்திலா இருக்கிறார்?
அம்மா இத்தாலிக்குப் போனாளே, அதுபோலவா?
பார்சல் அனுப்புவாரா?
ஈஸ்டருக்காவது ஃபோன் பண்ணுவாரா?"

அவள் அம்மா பதோவாவில்
யாருடைய தகப்பனையோ குளிப்பாட்டும் வேலையில் இருந்து
போன குளிர்காலம் அங்கேயே இறந்துபோனாள்.
இவளிடம் யாரும் சொல்லவில்லை என்பது
அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.
வேதாகமக் கல்லூரியில் இதற்கு ஒரு பதில்
சொல்லித் தந்திருந்தார்கள். நல்ல பதில்தான்.
நாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டு
குனிந்து அவள் ஷூ நாடாவைக் கட்டினேன்.
அது அவிழ்ந்திருக்கவே இல்லை.
அவிழ்த்துத்தான் கட்டினேன்.

மறுநாள் தோம்னா பரஸ்கோவியாவும் நானுமாகச் சொன்னோம்.
அவள் அழவில்லை.
வால்நட் உரிக்கப் போனாள்.
இருட்டும் வரை உரித்தாள்.

இரவு மூன்று மணிக்கு
ஈர விரிப்பைச் சுருட்டிக்கொண்டு
என் கதவருகே நிற்பான் பெத்ரிக்கா. தட்டமாட்டான்.
நான்தான் காலடி ஓசைக்கு விழிக்கப் பழகிவிட்டேன்.
அலசும்போது ஜெபம் வருமென்று நினைத்திருந்தேன்.
குழாயில் தண்ணீர்தான் வருகிறது, ஐஸாக.
சாட்சிப் பகுதியில் வேண்டுமானால்
இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் தேதி கெனாடியேவுக்குப் பதினெட்டு.
சட்டப்படி அன்று மாலைக்குள் கட்டில் காலி.
இரண்டு கால்சட்டை, ஒரு பிளாஸ்டிக் பை,
தூரத்துக் கட்டட வேலைக்கு ஒரு ஃபோன் நம்பர்.
நான் கொடுத்த வேதாகமத்தை
தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.
ஜிப் வைத்த உறையை மட்டும் எடுத்துக்கொண்டான்,
சான்றிதழ்கள் நனையாமல் இருக்க.

அவன் அலமாரியைத் துடைக்கப் போனேன்.
கதவின் உட்புறத்தில், பென்சிலில், நெருக்கி நெருக்கி:
டேல், ஒன்பது நாள்.
அன்னெலீஸ், பதினான்கு.
பெரிய மூக்கு டச்சுக்காரர், ஆறு, பந்து கொடுத்தார்.
கிட்டார் அக்கா, இரண்டு கோடை.
இப்படி அறுபதுக்கு மேல்.
கடைசி வரியில் அவனே:
கெனாடியே, பதினோரு வருடம்.
அதற்கு முந்தைய வரியில் நான்.
எதிரே எண் இல்லை.
எழுதி அழித்து எழுதி அழித்து
மரம் வெளுத்துப்போன ஒரு இடம்.

துடைக்காமல் மூடிவிட்டேன்.

நான்காம் கட்டத்தைக் காலியாகவே அனுப்புகிறேன்,
மன்னிக்க வேண்டும்.
பனிக்கு முன் காலணிகள் வேண்டும்:
முப்பத்தொன்றில் ஐந்து ஜோடி, முப்பத்தாறில் நான்கு,
பெத்ரிக்காவுக்கு மிகச் சிறியது.
ஒட்டுப்பட்டை வைத்தது விலை குறைவு என்று எழுதியிருந்தீர்கள்.
ஸ்னெஜானாவுக்கு அது வேண்டாம்.
நாடா உள்ளதே அனுப்புங்கள்.