மூன்றாவது பத்தி

கிளைபெடா துறைமுகத்தில்
இரவு மூன்று மணிக்கு கிரேன் ஓய்ந்திருக்கும்.
உயரத்துக் கூண்டில் நானும் ஃபிளாஸ்க் தேநீரும்.
கண்ணில் பட்டதையெல்லாம்
எங்கள் கட்டடத்துக் குழுவில் தட்டிவிடுவேன்:
கார்க் கதவைத் திறந்த கரடி,
தூக்கம் குறைந்தவனின் இதயம்,
ஊரே தேடிய பூனை.

காலையில் ஐந்தாறு கட்டைவிரல்கள் முளைத்திருக்கும்.
யாரும் திறந்து படித்ததில்லை.
நானும்தான்.

நான்காம் மாடி யோலிதா மட்டும்,
ரொட்டிக்கடைக்குப் போகும் வழியில் எழுதுவாள்:
"தலைப்பில் ஒரு ஊர், உள்ளே வேறு ஊர்."
"இது ஏழு வருடப் பழசு.
அந்தக் கரடி இப்போது இருக்கிறதோ என்னவோ."
சரியான இம்சை என்று நினைத்துக்கொள்வேன்.

பிப்ரவரியில்
'உறைந்த ஏரியில் விழுந்தவரை மீட்ட நாய்' அனுப்பினேன்,
துள்ளும் பொம்மை ஒன்றையும் சேர்த்து.
இதயங்கள் குவிந்தன.
அவள் எழுதினாள்:
"மூன்றாவது பத்தி வரை போ, ரிம்விதாஸ்.
மீட்டது உடலை."

கூண்டு லேசாக ஆடியது. காற்றுதான்.
போனேன்.
ஐம்பத்திரண்டு வயது.
தூண்டில் கையிலேயே இருந்ததாம்.
மறுநாளும் நாய் அங்கே போய் நின்றதாம்.

அழிக்கப் பார்த்தேன், விரல் வரவில்லை.

இப்போதெல்லாம் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.
வாரத்துக்கு ஒன்று,
சில வாரம் அதுவுமில்லை.
கட்டைவிரல்கள் வேறு வீடு பார்த்துப் போய்விட்டன.

நேற்று விலாங்கு மீன்களைப் பற்றி ஒன்று,
முழு ஃபிளாஸ்க்கும் தீர்ந்தது அதைப் படிக்க.
பதில் இல்லை.
ஷிப்ட் முடிந்து திரும்புகிறேன்,
அவள் மாவு பிசைந்துகொண்டிருக்க வேண்டிய நேரம்,
நான்காம் மாடியில் விளக்கு எரிகிறது.
எத்தனையாவது பத்தியில் இருக்கிறாளோ.