வேலணை வரை ஓட்டிப் பார்த்தது

திறப்பு இல்லை. ஒரு பொத்தான்.
அமத்தினேன்.
ஒன்றும் நடக்காததால் திரும்ப அமத்தினேன்.
"அக்கா, அது ஸ்டார்ட்டிலதான் நிண்டது.
இப்ப நிப்பாட்டிப் போட்டியள்" என்றான்
கார் விற்கும் பெடியன் கஜவதனன்.
மூன்றாம் தரம் கார் பேசியது.
யப்பான் மொழியில் ஒரு பெண்குரல்,
நீளமாக, மரியாதையாக.
ஏதோ ஒரு அட்டை செருகவில்லையாம்.
"அதைக் கவனிக்காதேங்கோ."

பதினாறு வருடம் ஸ்கூட்டி ஓடியவள் நான்.
காற்று எந்தப் பக்கம் என்று கன்னம் சொல்லும்.
இதற்குள் காற்றுக்கு ஒரு இலக்கம்:
இருபத்துநாலு.

ஆஸ்பத்திரி வீதியில்
நடுறோட்டால் போன சைக்கிள்காரருக்கு
நாங்கள் பின்னால் வந்தது கேட்கவில்லை.
பற்றரியில் ஊர்ந்துகொண்டிருந்தோம்.
ஹோண் அடித்தேன், இருமலை விழுங்கின மாதிரி ஒன்று.
மனுசன் துள்ளி ஓரம் போனார்.
சத்தமில்லாமல் வாகனம் பக்கத்தில் வருவது
இந்த ஊரில் இன்னும்
நல்ல பழக்கமாக எடுபடவில்லை.

பண்ணைப் பாலத்தில் காலை அழுத்தினேன்.
அப்போதுதான் எஞ்சின் முழித்து
என்ன அவசரம் என்று முனகியது.
ஸ்டேரிங் ஒரு விரலுக்குப் போதும்.
வெள்ளைக் கோட்டில் சில்லுப் பட்டதும்
கீச்சென்று கத்தி
என் கைகளைத் தானே திருத்தி வைத்தது.
பக்கத்து சீட்டில் யோகசீலன்
போனில் லீசிங் கணக்குப் போட்டபடி இருந்தார்.
"இந்தக் காசுக்கு ஒரு வான் எடுக்கலாம்."
அதை அவர் மண்டைதீவுச் சந்திக்கு முதல் ஒரு தரமும்
பிறகு ஒரு தரமும் சொன்னார்.

"அம்மா, நாங்கள் கடலுக்குள்ள ஓடுறம்."
மகள் காட்டிய திரையில்
எங்கள் அம்புக்குறி நீலத்தின் நடுவே நின்றது.
யப்பானை விட்டு வந்தது
அந்த வரைபடத்துக்கு இன்னும் தெரியாது.
வெளியில் பார்த்தேன்.
இரண்டு பக்கமும் கடல்,
களங்கட்டித் தடிகள், ஒற்றைக் காலில் ஒரு கொக்கு.
பிழையாக நின்றுகொண்டே
சரியாகச் சொல்லியிருக்கிறது.

நான் எக்ஸ்றே எடுக்கிறவள்.
அதனால் இதை என் பாஷையில்தான் சொல்ல வரும்:
சில்லு பெரிசு, ரயர் மெல்லிசு, பார்க்க வடிவு.
அல்லைப்பிட்டித் திருப்பத்துக் குழியை
இடுப்பின் நாலாம் ஐந்தாம் என்புகளுக்கு
நேராகவே அறிவித்தது.
கழுத்துக்கு வரவில்லை. அது பெரிய விசயம்.
பின்சீட் மூன்று பேருக்காம்.
யப்பான் மூன்று பேர்.
மகனின் முழங்கால் என் முதுகில்,
கஜவதனனின் தோள் கதவில்,
நடுவில் மகள் சரிந்து படுத்து
கதவின் அடியில் ஒரு முயல் ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தாள்.
ஒரு காது மட்டும் நகத்தால் சுரண்டினது.
"பாதியில ஆரோ கூப்பிட்டிருக்கினம்" என்றாள்.
"சாப்பிட வரச்சொல்லி."

வேலணையில் திருப்பினோம்.
பின்கமெராவில் பச்சைக் கோடு, மஞ்சள், சிவப்பு.
சிவப்பில் ஒரு ஆடு.
கார் பீப் பீப் என்றது.
ஆடு கமெராவை முகர்ந்தது.
திரை முழுக்க மூக்கு.
ஒரு கோடிக்குப் பத்து லட்சம் குறைந்த வாகனமும்
நாங்கள் ஐந்து பேரும்
அதன் சம்மதத்துக்காகக் காத்திருந்தோம்.

திரும்பும்போது அவர் ஓடினார்.
சீட்டைப் பின்னுக்குத் தள்ளி
கண்ணாடியை ஒருக்கால் தொட்டு
வானைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.
இருபது நிமிடம்.
கல்யாணம் கட்டிய நாளிலிருந்து
இவ்வளவு பக்குவமாக அவர் பிறேக் பிடித்து நான் காணவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறம்" என்றோம்.
எல்லாரும் சொல்லுவதுதான் என்று
கஜவதனன் துணியெடுத்து
எங்கள் விரலடையாளங்களைத் துடைக்கத் தொடங்கினான்.
முயலை மட்டும் உரிக்க வேண்டாம் என்று
மகள் அவனிடம் தனியாகக் கேட்டுக்கொண்டாள்.

அவரும் மகனும் மோட்டார்சைக்கிளில் முன்னால்.
பின்னால் நானும் மகளும்.
நாற்பதில் ஸ்கூட்டி நடுங்கியது.
உப்புக் காற்று இடக் கன்னத்தில்.
ஆளில்லாத இடம் பார்த்து
வெள்ளைக் கோட்டில் சில்லை ஏற்றினேன்,
வேணுமென்றே, கொஞ்சத் தூரம்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.