கண்ணாடியில் தெரியாத இடம்

மூன்றாம் வகுப்பு. அன்று சாலை.
லீட்ஸில் அக்டோபர்; ஈர இலைகள்
தெருவோரம் வழுவழுவென்று ஒட்டிக் கிடந்தன.
லிபர்ட் தலைக்கவசத்தின் வாரை
நான்காம் முறையாக இறுக்கினார்.
வயது அறுபத்தாறு.
அதில் முப்பத்தோரு வருடம்
மாடிப் பேருந்து ஓட்டியவர்.

பூங்காவுக்குள் குறையே சொல்ல முடியாது.
ஒற்றைக் கையில் வளைவார்,
தோளுக்கு மேல் திரும்பி
நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று சரியாகச் சொல்வார்.
கேட்டைத் தாண்டியதும்
சாக்கடை மூடிகளை எண்ணுகிறவர் போல
ஓரத்திலேயே ஒண்டிக்கொண்டார்.

"நடுவுக்கு வாருங்கள்" என்றேன்.
"நிற்கிற காரிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளி.
எப்போது திறக்கும் என்று
அந்தக் கதவுக்கே தெரியாது."

சிரிக்கவில்லை. காலை ஊன்றி நின்றுவிட்டார்.
"அந்த இருக்கையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், மிஸ்.
இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில்
கண்ணாடிக்கு எட்டாத ஒரு பட்டை உண்டு.
ஒருமுறை, மழையில்..."
மீதியை விழுங்கினார்.
கைப்பிடி ரப்பரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

பயந்தவரிடம் மெதுவாகப் பேசு என்றுதான்
பயிற்சியில் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.
நான் சத்தமாகவே கேட்டேன்:
"சரி, நீங்கள் மேலே இருந்தால்
சைக்கிள்காரன் எங்கே இருக்கணும்?"

வெகுநேரம் யோசித்தார்.
ஒரு ரொட்டி வேன் போனது.
எதிர்க்கடைக்காரர் வாழைக்காய்ப் பெட்டிகளை
இறக்கியே முடித்துவிட்டார்.
"என் மூஞ்சிக்கு நேரே" என்றார்.
"நான் திட்டுகிற இடத்தில்.
திட்டினால், பார்த்துவிட்டேன் என்றுதானே?"

புறப்பட்டோம். நான் பின்னால்.
தபால் நிலையம் தாண்டிச் சாலை ஒடுங்குமிடத்தில்
முதுகை உரசுவது போல அந்த உறுமல்.
அவர் தோள்கள் காதுவரை ஏறின.
திரும்பிப் பார்த்தார்.
கை நீட்டினார்.
நடுவுக்கு வந்தார்.
ஹாரன் வரும் என்று பல்லைக் கடித்தது நான்தான்.

அவர் தலை லேசாகச் சாய்ந்தது,
அடுத்த அறைப் பேச்சை ஒட்டுக்கேட்பது போல.
"காலை எடுத்துவிட்டான்!" என்று கத்தினார்,
எனக்கா, தெருவுக்கா, தெரியவில்லை.
"பார்த்துவிட்டான்!"
என் காதில் விழுந்ததெல்லாம் வெறும் எஞ்சின்.

நிறுத்தத்தில் பேருந்து ஒதுங்கியது.
பிறகு எங்களைக் கடந்து போகையில்
லிபர்ட் கைப்பிடியை விடாமல்
ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார்,
எதிரெதிர் வரும் ஓட்டுநர்கள் செய்வது போல.
என் கையேட்டின் சைகைப் பக்கத்தில் அது இல்லை.
மேலிருந்தும் ஒரு விரல் எழுந்ததா,
கண்ணாடியில் பாதி வானம், எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் மேடு.
இரண்டு பேரும் பேசவில்லை.