முத்தூர் பிரிவு

நேராகப் போனால் கரூர் வரைக்கும் போகும்.
வலது கையில் எங்கே திருப்பினாலும் போகும்.
இடது பக்கம் ஒடித்தால் மட்டும்
செத்துப்போகும் என் யெஸ்டி.
ஊருக்குள் ஒரு இடதுக்குப் பதிலாக
மூன்று வலது சுற்றிப் போகப் பழகிவிட்டேன்.

ஓலப்பாளையத்திலிருந்து வருகிறவனுக்கு
சுற்றிப் போக முடியாத இடது ஒன்றுதான்:
முத்தூர் பிரிவு.
அங்கே நாலு தடவை நின்றிருக்கிறது.
நாலு தடவையும் தள்ளிப்போய்
பேக்கரி நிழலில் நிறுத்தி
ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.
திரும்பும்போது முதல் உதையில் கிளம்பும்.
ரோசமுள்ள வண்டி என்று
வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.
தெய்வாத்தாள் சிரிக்கவில்லை.

முத்தூர் ரோட்டில் இருப்பது குழந்தைவேலு வீடு.
ரெண்டு பேரும் மோட்டாருக்குக் காயில் கட்டினோம்
ஒன்பது வருசம், ஒரே ஷெட்டில்.
ஏழரை எச்.பி. ஒன்று புகைந்த அன்று
யார் கட்டிய காயில் என்று பேச்சு வந்தது.
அதற்கப்புறம் பேச்சு வரவில்லை.

இந்த வண்டிக்கு வயரிங் இழுத்ததும்
நாங்கள்தான், ஒரு தீபாவளி லீவில்.
ஆகவே எனக்குச் சந்தேகமே இல்லை:
ஹெட்லைட் டூமுக்குள்
அவன் போட்ட ஜாயின்ட்.

போன ஞாயிறு, ஆடிக்காற்று
தகரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது
முறையாகத்தான் தொடங்கினேன்.
பிளக்கைக் கழற்றி ஹெட்டில் சாய்த்து உதைத்தேன்:
நீலப் பொறி, சுள்ளென்று.
பாயின்ட்டுக்கு உப்புத்தாளால் ரெண்டு இழுப்பு.
கேஜ் தகடு சரியாக வழுக்கிப் போனது.
கண்டென்சர் புதுசு. காயில் சூடேறவில்லை.
பேட்டரி முனையில் பூத்திருந்த மயில்துத்தத்தை
வெந்நீர் ஊற்றிக் கழுவினேன்.
எர்த் போல்ட்டைச் சுரண்டி முறுக்கினேன்.
எல்லாமே நல்லதாக இருந்தால்
ரிப்பேர் பார்ப்பவனுக்குக் கோபம்தான் வரும்.

ஆறு வோல்ட் பல்பு ஒன்றில் ரெண்டு வயர் முடிந்து
ஒன்றைக் காயிலில், ஒன்றைப் பாடியில் வைத்துச்
சாவியைப் போட்டேன்.
ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பினேன். எரிந்தது.
இடது பக்கம். அணைந்தது.
வலது, எரிந்தது.
இடது, அணைந்தது.
"என்னங்க, பூக் கேக்கறீங்களா?"
வாசலைக் கூட்டியபடியே கேட்டாள் தெய்வாத்தாள்.

டூமைத் திறந்தேன்.
அவன் ஜாயின்ட் இருந்தது.
ஏழு சுற்று, ஈயம் வைத்து,
டேப்புக்கு மேல் நூல் கட்டி வார்னிஷ் போட்டு.
காயில் கட்டுகிறவன் கட்டு.
பிடித்து இழுத்தேன். அசையவில்லை.
இன்னும் பலமாக இழுத்தேன்.
அது அசையாதது எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பின்னால் கழுத்துக்கு வலப்புறமாக
டேங்குக்கு அடியில் போகிற வயர்.
அதை இழுத்துக் கட்டியது நான்.
நாலு விரக்கடை மிச்சம் பிடித்து
விறைப்பாகக் கட்டியிருந்தேன்.
பார்க்க அழகாகத்தான் இருந்தது.
இடது திரும்பும்போதெல்லாம் இழுபட்டு இழுபட்டு
மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே
ஒவ்வொரு இழையாக அற்று,
கடைசியில் ரெண்டு நுனிகள்,
நேராக இருக்கையில் தொட்டுக்கொண்டும்
திருப்பினால் விட்டுக்கொண்டும்.
பிளேடால் பிளந்த பிறகுதான் தெரிந்தது.

புது வயர் போட்டேன்,
கழுத்தண்டை தாராளமாய் ஒரு வளையம் விட்டு.
அவன் ஜாயின்ட்டைத் தொடவில்லை.

பொழுதோடு கிளம்பினேன், ட்ரயல் என்று சொல்லி.
"வேற சட்டை போட்டுட்டுப் போங்க" என்றாள்.
ட்ரயலுக்கு எதற்குச் சட்டை என்று கேட்காமல்
மாற்றிக்கொண்டேன்.

பிரிவு வந்ததும் கை தானாகக் கிளட்சைப் பிடித்தது.
நிற்கப்போகும் வண்டியைத் தாங்க
ஒரு கால் தரைக்கு இறங்கியது.
நிற்கவில்லை.
எனக்காக எடுத்த கிளாசோடு
பேக்கரிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது குழந்தைவேலு கேட்டுக்கு முன்னால்
ரெண்டு சைலன்சரும் புகைய உட்கார்ந்திருக்கிறேன்.
நாய் வந்துவிட்டது. உள்ளே லைட் போடுகிறார்கள்.
இத்தனை நாள்
நிற்கிற வேலையை வண்டி பார்த்துக்கொண்டது.
இன்று சாவியை
நான்தான் திருப்ப வேண்டும்.