திருத்தம்

சென்ற இதழ், மூன்றாம் பக்கம்:
'விடுதித் தாங்கித் தண்ணீரில் புழு இல்லை.'

'இல்லை' எங்களுடையதல்ல.

மருதானை அச்சகத்தில், இரவு பதினொன்றரைக்கு,
நானும் ஷஸ்னாவும் புரூவ் பார்த்துக் கையெழுத்திட்டபோது
அந்தச் சொல் அங்கே இருக்கவில்லை.
கடைசி பஸ்ஸுக்கு நாங்கள் ஓடியபின்
வளாகத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்ததாம்,
ஒரு துண்டுச் சீட்டோடு.

சுமனபால அண்ணனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
மூன்று எழுத்தையும் படம் பார்ப்பதுபோலப் பார்த்து
விசைப்பலகையில் தேடித் தேடி
இ
ல்
லை
கோர்த்திருக்கிறார். ஒரு பிழையும் இல்லை.
சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது அவருக்கு.
அவரோடு எப்படிக் கோபிப்பது?

மிஞ்சிய பிரதிகள் இருநூற்றுப் பன்னிரண்டு.
தும்முல்லை மழை ஜன்னலில் அடிக்க
நீலப் பேனையால் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.
ஷஸ்னாவின் கோடு நேராக விழுகிறது,
என்னுடையது கடதாசியைக் கிழிக்கிறது.

வருந்துகிறோம் என்று முடிக்கவேண்டுமாம்.
யார், எதற்கு என்று எழுத
இந்தப் பெட்டியில் இடம் போதாது.

மற்றப் பிரதிகளை வாசித்தாயிற்று.
வாசித்தவர்கள் இன்று காலையும் குழாயடியில் நின்று
கோப்பையை வெளிச்சத்துக்கு உயர்த்திப்
பார்த்துவிட்டுத்தான் வாய் கொப்பளித்தார்கள்.