நான்காம் பிரதி

எகோ அமிஸா சொல்லச் சொல்ல
நடுவில் ஐந்து நீங்கலாக
முப்பது வருடம் தட்டச்சு செய்தவள் நான்.
ஒரு வெள்ளைத் தாள், மூன்று கார்பன்.
நான்காம் பிரதி எப்போதும் மங்கல்.
அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவேன்.

சால்ட்பாண்டில், லெபனான்காரர் துணிக்கடை மாடியில்
எங்கள் அலுவலகம்.
உப்புக்காற்று எந்திரத்தின் பற்களைத் தின்றது.
லண்டனிலிருந்து கொண்டுவந்த குதிரைமுடி விக்கை
பிஸ்கட் டப்பாவில் கற்பூரம் போட்டு வைத்திருந்தார்;
ஹார்மட்டான் அடிக்கிற மாதங்களில்
அதைத் தட்டினால் ஒரு பாலைவனம் விழும்.

முதல் வழக்கு குவமினா போட்வேயின் படகு.
கடனுக்கென்று கம்பெனி அதை
மணலிலிருந்து இழுத்துப்போயிருந்தது,
ஒரு செவ்வாய்க்கிழமை.
"செவ்வாயன்று கடலுக்கே விடுமுறை, கனம் நீதிபதி அவர்களே.
மீனுக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியாதா?"
நீதிபதி சிரித்துவிட்டார்.
சிரித்தவர் எதிராகத் தீர்ப்பெழுதுவது கஷ்டம்.
கட்டணம்: புகைபோட்ட மீன், ஒரு கூடை.
வாரம் முழுக்கக் கோப்புகள் மணத்தன.

அந்த மணத்தோடுதான் தேர்தலில் நின்றார்.
லாரிக் கூரையில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினார்.
போட்வேயின் படகில் கட்சிக்கொடி
கரை கரையாகப் போனது.
நள்ளிரவில் பழைய கொடி இறங்கியபோது
அவர் அழுதார். நானும்.
போலீஸ் பேண்டுகாரர்கள்கூட
ஒரு சுரத்தைத் தவறவிட்டார்கள்.

பிறகு தலைநகர். கம்பளம்.
காலடி கேட்காத அறையில்
என் எந்திரம் மட்டும் அதிகமாகக் கேட்டது.
"புது நாடு பச்சைக் குழந்தை, மிஸ் மென்சிமா,
காற்றுப் படாமல் பொத்த வேண்டும்."
வேர்க்கடலை கொறித்தபடி, நடந்துகொண்டே
மூன்றாம் உட்பிரிவைச் சொன்னார்:
ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமல்,
விசாரணை இன்றி,
என் விரல் நின்றது.
"என்ன, ரிப்பன் தீர்ந்துவிட்டதா?"
"இல்லை, ஐயா."
அந்த இல்லையை
வேறு இடத்தில் வைத்திருக்கலாம்.

வலைக்கு வரி வந்தது.
போட்வே நாற்பது படகுகளைக் கரையில் நிறுத்தி
வாரத்தின் ஏழு நாளையும் செவ்வாய் ஆக்கினான்.
அவனைக் கொண்டுபோன பிறகு
மனைவி அராபா கூடையோடு வந்தாள்;
கம்பளத்தில் அதை இறக்கி வைக்கத் தயங்கினாள்.
"கோப்பு என் மேசையில் இல்லையே அம்மா" என்றார்.
பொய்யில்லை.
என் மேசையில் இருந்தது.

அவரைத் தேடி வந்தது ஒரு வியாழக்கிழமை.
வியாழனில் பிறந்தவனுக்குத்தான் எகோ என்று பெயர்.
மந்திரிசபையில் யாரோடோ, எதற்கோ மனத்தாங்கல்.
ஆணையைக் கேட்டு வாங்கினார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை முகத்தருகே பிடித்து
ஒரு பிழை தேடினார்:
பெயரில் ஓர் எழுத்து, தேதியில் ஓர் எண்,
இடம் மாறிய ஒரு காற்புள்ளி.
எத்தனை பேரை அப்படி வெளியே கொண்டுவந்திருக்கிறார்!
கிடைக்கவில்லை.
நான் அடித்த படிவம் அது.
நான் பிழை விடுவதில்லை.

உள்ளே, இரண்டு அறை தள்ளி
போட்வே இருமுவது கேட்குமாம்.
ஒருநாள் கேட்கவில்லையாம்.
ஒரே ஒரு முறைதான் இதைச் சொன்னார்,
பல் கட்டிக்கொண்ட புதிதில்.
வாய் குழறியதால்
நான் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

ராணுவம் வந்து கதவைத் திறந்துவிட்டபின்
மீண்டும் அதே மாடி.
லெபனான்காரர் போய்விட்டிருந்தார்.
முதல் வேலையாக மூன்றாம் உட்பிரிவைக் கேட்டார்.
வீட்டிலிருந்து கொண்டுவந்தேன்.
ஜன்னலோரம் வெகுநேரம் வைத்திருந்தார்.
"மங்கலாக இருக்கிறதே."
"இல்லை, ஐயா. படிக்க முடிகிறது."

அதற்குமேல் பதினோரு வருடம்.
வேலித் தகராறு, சைக்கிள் திருட்டு, ஜாமீன்.
அராபாவின் வீட்டுப் பத்திரத்துக்குக்
கட்டணம் வாங்கவில்லை.
அவள் நன்றி சொல்லவுமில்லை.

இரங்கல் குறிப்புக்காகப் பத்திரிகையிலிருந்து ஒரு பையன் வந்தான்.
பட்டம், பதவி, ஆண்டு எல்லாம்
வரிசையாக அடித்துத் தரச் சொன்னான்.
தந்தேன்.
வேண்டுமென்றே ஒரு பிழை விட்டிருக்கிறேன்.
எங்கே என்று சொல்ல மாட்டேன்.